சாணைக்குப் போன கத்தி

சண்டை போடாதே என்று அந்த அக்கா ஒரு நாளும் ஒரு பையனிடமும் சொன்னதில்லை. வாத்தியார் சொன்னார். சர்ச்சில் சாமியார் சொன்னார். போலீஸ் ஏட்டு வாயால் சொல்லாமல் பிரம்பால் சொன்னார். இத்தனை பேர் சொல்லியும் எங்கள் பக்கத்துப் பையன்கள் மாற்றி மாற்றி மண்டையை உடைத்துக்கொண்டுதான் இருந்தோம். சொல்லாத ஒரே ஆள் ஆஸ்பத்திரி நர்சக்கா. மண்டை உடைவது குறைந்தது அவரால்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அவர் பேரை எழுத மாட்டேன். அவரே அப்போது சொல்வார், "எம் பேரை எங்கியும் எழுதாதீங்கடா, இனிஷியலைத் தப்பாப் போடுவீங்க" என்று. உண்மைதான், இப்போதும் எனக்கு இனிஷியல் சரியாகத் தெரியாது.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறாம் வகுப்பில் ரெண்டு தடவை உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து வந்தவன் நான். இன்றைக்குத் தருமபுரியில் மாங்காய் மண்டி, நாலு லாரி, மாடி வூடு. எம்.ஏ. படித்த பையன் என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறான். யார் தயவிலும் வரவில்லை. மேடையில் கூப்பிட்டால் இதைத்தான் சொல்வேன். நிறைய மேடையில் கூப்பிட்டும் இருக்கிறார்கள்.

ஆனால் எண்பதுகளின் நடுவில் எனக்கு இருபது வயது. பென்னாகரம் போகிற ரோட்டில் எங்கள் ஊர். ஊர்க்கோடியில் சர்ச்சுக்காரர்கள் நடத்திய சின்ன ஆஸ்பத்திரி. ஓட்டுக் கட்டடம், ஒரு மேசை, ஒரு பெஞ்சு, ஊசி வேகவைக்க ஒரு ஸ்டவ். டாக்டர் தருமபுரியிலிருந்து வாரத்துக்கு ஒரு நாள் வருவார். மற்ற நாளெல்லாம் அக்காதான்.

ஆள் குள்ளம். என் தோளுக்குத்தான் வருவார். வெள்ளைச் சேலை, இடது கையில் ஆம்பளை வாட்ச். காவேரிப் பக்கத்து விவசாயக் குடும்பம், வூட்டில் பாதி கன்னடம். கோபம் வந்தால் மட்டும் கன்னடம் வெளியே வரும். "சும்னிரு" என்று ஒரு அதட்டல் போட்டால், வாயை மூடு என்று யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. வெளியே கட்டியிருக்கிற மாடே கத்துவதை நிறுத்தும்.

அடிபட்டு எவன் போனாலும் அவர் பேர் கேட்க மாட்டார், ஊர் கேட்க மாட்டார். முதல் கேள்வி, "காலைல என்ன தின்னே?"

ரத்தம் வடிய நிற்கிறவனிடம் இது என்ன கேள்வி என்று தோன்றும். ஆனால் பத்தில் ஏழு பேர், "ஒண்ணும் திங்கலீங்க" என்றுதான் சொல்வான். காலையில் வெறும் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பி, மத்தியானம் எங்கோ சுற்றி, சாயங்காலம் அஞ்சரை மணிக்கு எவனாவது தோளில் இடித்தால் குத்துவதற்குக் கை தயாராக இருக்கும். அக்கா கட்டுப் போட்டு முடித்ததும் தன் பானையிலிருந்து ஒரு களி உருண்டையை எடுத்துத் தட்டில் வைத்து, நடுவில் குழி பறித்துக் கொள்ளுக் குழம்பை ஊற்றுவார். "தின்னு. தின்னு முடிச்சும் கோவம் இருந்தா போய் அடி" என்பார். தின்றுவிட்டுத் திரும்பிப் போய் அடித்தவன் எனக்குத் தெரிந்து யாருமில்லை. களி தின்றவனுக்குத் தூக்கம்தான் வரும், நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ரெண்டாவது கேள்வி, "எதுக்கு அடிச்சுக்கிட்டீங்க?" இதுக்குச் சுருக்கமாகப் பதில் சொல்ல விடமாட்டார். சின்னசாமி என்று ஒரு பையன் இருந்தான். சாது. ஆனால் ஒரு வருஷத்தில் நாலு தடவை அடி வாங்கினான். நாலாவது தடவை அடித்தவன் எங்கள் தெரு முனியப்பன். அவனையும் அக்கா கூப்பிட்டனுப்பியிருந்தார். ஏன் அடித்தாய் என்றதுக்கு, "மொறைச்சானுங்க" என்றான்.

"எப்படி மொறைச்சான்? மொறைச்சுக் காட்டு."

முனியப்பன் வெட்கப்பட்டுக்கொண்டு கண்ணை இடுக்கி, கழுத்தை முன்னால் நீட்டிக் காட்டினான். அக்கா அதை உற்றுப் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய்ப் புளியமரத்தடியில் நின்றுகொண்டு கையைத் தூக்கினார். "சின்னசாமி, எத்தனை விரல் காட்டறேன்?"

சின்னசாமி கண்ணை இடுக்கி, கழுத்தை முன்னால் நீட்டினான். அச்சாக அதே முறைப்பு. "எந்தக் கையிலீங்கக்கா?" என்று கேட்டான்.

அடுத்த வாரம் தருமபுரியில் கண் முகாம் நடந்தது. அக்கா அவனை பஸ்ஸில் கூட்டிப் போனார். சோடா பாட்டில் அடிப்பாகம் மாதிரி ஒரு கண்ணாடியோடு திரும்பி வந்தான். டீக்கடையில் முனியப்பனைக் கிட்டத்தில் நின்று பார்த்து, "என்னை அடிச்சது நீயாடா? மூஞ்சி இப்பத்தான் தெரியுது" என்றான். அதோடு சரி. அவனை அப்புறம் யாரும் அடிக்கவில்லை. நாலு சண்டைக்கும் காரணம் கண்ணாடி இல்லாததுதான் என்று எந்த ஏட்டுக்காவது தோன்றியிருக்குமா? நானே இத்தனை புத்திசாலி, எனக்கே தோன்றவில்லை.

சண்டை போடுகிறவர்களைக்கூட அக்கா பொறுத்துக்கொள்வார், வேடிக்கை பார்க்கிறவர்களைத்தான் அவருக்கு ஆகவே ஆகாது. ஒரு சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் காலேஜ் பையன்கள் ரெண்டு பேர் கட்டிப் புரண்டார்கள். ஜன்னல் வழியாகக் கர்ச்சீப்பைப் போட்டு சீட் பிடித்தது யார் முதலில் என்று தகராறு. ஒருத்தன் மூக்கில் ரத்தம். சுற்றி ஐம்பது பேர். விடாதே, குத்து என்று ஆளுக்கொரு யோசனை. நானும் நல்ல இடம் பிடித்து நின்றிருந்தேன். அக்கா வந்தார். கையில் தட்டு, தட்டில் கண்ணாடி ஊசிகள், ஒவ்வொன்றும் மாட்டுக்குப் போடுகிற அளவு. சண்டை பக்கமே அவர் திரும்பவில்லை.

"ரத்தம் சிந்துன எடத்துல நின்னவங்க எல்லாருக்கும் ஊசி போடணும். வரிசையா வாங்க, பெரியவங்க மொதல்ல" என்றார்.

முதலில் ஓட்டம் பிடித்தவர் பஞ்சாயத்துத் தலைவருடைய மச்சான். அவர் செருப்பு ஒன்று அங்கேயே கிடந்தது. அப்புறம் அவரவர் கால் கொண்டுபோன பக்கம். நான் பஸ் மேல் ஏறி மூட்டைகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டேன். மேலிருந்து பார்த்தால் நிறுத்தத்தில் அந்த ரெண்டு பையன்கள் மட்டும் ஒருத்தன் சட்டையை ஒருத்தன் பிடித்தபடி நிற்கிறார்கள். பார்க்க ஆளில்லை. ஒருத்தன் இன்னொருத்தனிடம் மெதுவாக, "போலாமா?" என்று கேட்டான். பஸ் கிளம்பும்போது நான் இறங்கிப் பார்த்தால், ஒரே சீட்டில் ரெண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு ஒரு நாள் அந்த ஊசி எல்லாம் எதற்கு என்று கேட்டேன். "காலி ஊசிடா" என்றார்.

இதெல்லாம் சின்ன விஷயம். அவருடைய பெரிய சட்டம் ஒன்று உண்டு. அடிபட்டவனுக்குத் தையல் போட வேண்டுமானால், அடித்தவன் வந்து தலையைப் பிடிக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் எதுவும் கேட்க மாட்டார், உடனே தருமபுரிக்கு ஏற்றி அனுப்பிவிடுவார். மற்றபடிக்குக் காயத்தில் துணியை வைத்து அழுத்திக் கட்டிப் பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார். "அடிச்சவனக் கூட்டியாங்க. இல்லாட்டி போலீஸ் கேஸா எழுதறேன். எது வசதின்னு பாத்துக்கங்க."

இதைக் கேள்விப்பட்டு, வாரம் ஒரு நாள் வருகிற டாக்டர் ஒரு தடவை சத்தம் போட்டார். இது ஆஸ்பத்திரியா, பஞ்சாயத்தா என்று. நான் அப்போது காய்ச்சலுக்கு மாத்திரை வாங்க நின்றிருந்தேன். அக்கா பஞ்சைச் சுருட்டியபடியே சொன்னார்: "பெரியாஸ்பத்திரியில வேலை பாத்தப்ப ஒரே சண்டைய நாலு தடவை தச்சேங்க டாக்டர். இவன் வருவான், தைப்பேன். ஒரு வாரங் கழிச்சு அவன் வருவான், தைப்பேன். அப்புறம் இவன், அப்புறம் அவன். அஞ்சாவது தடவை வந்தப்ப தைக்க ஒண்ணும் இல்ல."

டாக்டர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எனக்கு மட்டும் அது காதில் எங்கேயோ தங்கிவிட்டது.

இனி என் கதை.

அந்தப் பொங்கலுக்கு எங்கள் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் வாலிபால் மேட்ச். வலைக்கு மேல் எழும்பி நான் ஒரு அடி அடித்தால் எதிர்ப்பக்கம் கண்ணை மூடிக்கொள்வார்கள். மாவட்டத்திலேயே அப்படி அடிக்கிற ஆள் இல்லை என்று சொன்னார்கள், நானும் மறுக்கவில்லை. கடைசிப் புள்ளி. நான் அடித்தேன். கோட்டில் போட்ட சுண்ணாம்பு புகை மாதிரி எழுந்தது. கோட்டில் நின்றிருந்த பக்கத்து ஊர் மாதையன், பந்து வெளியே என்று கையைத் தூக்கினான். சுண்ணாம்பு எழுந்ததே, குருடா என்று நான் அவன் மார்பில் கை வைத்துத் தள்ளினேன். அவன் வலை கட்டியிருந்த முளைக்குச்சியைப் பிடுங்கி என் தலையில் ஒன்று வைத்தான்.

என்னைச் சைக்கிளில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். கூட எங்கள் ஊர்ப் பையன்கள் பதினஞ்சு பேர், ஆளுக்கொரு கட்டை. என்னை இறக்கிவிட்டு நேராகப் போய் மாதையன் கையைக் காலை முறிக்கப் போகிறார்கள். அக்கா காயத்தை அழுத்திக் கட்டிவிட்டு அவர்களைப் பார்த்தார்.

"அவன் வூட்டுக்குத்தான போறீங்க? அப்படியே கூட்டியாங்க. ஆனா ஒண்ணு. அவன் மேல ஒரு கீறல் இருந்தாலும் அவனுக்கும் நான்தான் தைக்கணும். அதுக்கு உங்கள்ல ஒருத்தன் தலையப் புடிக்கணும். யாருன்னு இப்பவே பேர் சொல்லிட்டுப் போங்க."

ஒருத்தனும் பேர் சொல்லவில்லை. கட்டைகளை வாசலில் சாய்த்து வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு மணி நேரத்தில் மாதையனைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கூட்டி வந்தார்கள். முன்னால் ரெண்டு சைக்கிள், பின்னால் ரெண்டு சைக்கிள், மாப்பிள்ளை அழைப்பு மாதிரி. வழியில் ஒரு நாய் துரத்தியதாம். முறிக்கப் போன பையன்களே இறங்கிக் கல்லெறிந்து அவன் காலைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

அக்கா என் முடியை பிளேடால் வழித்து, மரத்துப்போகிற ஊசி போட்டு, என் தலையை மாதையன் கையில் கொடுத்தார். அவன் உள்ளங்கை ரெண்டும் ஈரம். "கெட்டியாப் புடி. நீ பண்ணுன ஓட்டை எவ்வளவு ஆழம்னு குனிஞ்சு பாரு, அப்பத்தான் வெளக்கு வெளிச்சம் மறைக்காது" என்றார்.

மாதையன் குனிந்து பார்த்தான். முதல் தையல். ரெண்டாவது தையல். மூணாவது தையலில் என் தலையைப் பிடித்த கை காணாமல் போனது. தடால் என்று ஒரு சத்தம். ரத்தம் பார்த்து மயங்கி, மேசை விளிம்பில் நெற்றியை மோதி, கீழே கிடக்கிறான்.

தண்ணீர் தெளித்து எழுப்பி உட்கார வைத்தார். நெற்றியில் ஒரு பிளவு, அதற்கும் தையல் வேண்டும். அக்கா என்னைப் பார்த்தார்.

"வா. இவன் தலையப் புடி."

"நான் அடிக்கலீங்களேக்கா. மேசைதான அடிச்சுது."

"மேசைக்குக் கை இல்லடா சாமி. நீதான் புடிக்கணும்."

என் தலையில் மூணு தையல் போட்டு, நாலாவதற்கு நூல் தொங்குகிறது. அந்தக் கோலத்தில் எழுந்து, என் மண்டையை உடைத்தவன் மண்டையை நான் பிடித்துக்கொண்டு நின்றேன். அவனுக்கு ரெண்டு தையல். ஊசி இறங்கும்போதெல்லாம் அவன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "ஆத்தா, ஆத்தா" என்றான். அவனுக்கு முடித்துவிட்டு எனக்கு மிச்சம் நாலு. மொத்தம் ஏழு. அப்புறம் எதுக்கு அடிச்சுக்கிட்டீங்க என்று கேட்டு, தரையில் கட்டுத்துணியை நீளமாக விரித்து, ஒரு பஞ்சு உருண்டையைக் கொடுத்தார். துணிதான் கோடு, பஞ்சுதான் பந்து, எங்கே விழுந்தது காட்டுங்கள் என்றார். கட்டுப் போட்ட ரெண்டு தலையும் தரையில் குனிந்து, இங்கே, இல்லை இங்கே என்று பஞ்சை நகர்த்திக்கொண்டிருந்தோம். வாசலில் பதினஞ்சு பேரும் சிரித்தார்கள்.

அங்கேதான் வினை வந்தது. அடித்ததைப் பொறுத்துக்கொள்ளலாம், சிரித்ததைப் பொறுக்க முடியவில்லை. மறுநாள் டீக்கடைக்குப் போனேன். "என்ன, அடிச்சவன் மடியில தலைய வச்சுப் படுத்தியாமே? சும்மா வுட்டுட்டியா?" என்றார் கடைக்காரர். அதற்கு அடுத்த நாளும் கேட்டார்கள். நியாயமாகச் சொன்னால் என் கோபம் ரெண்டே நாளில் தணிந்துவிட்டது. டீக்கடைக்குத் தணியவில்லை. இருபது வயதில் டீக்கடை கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. மூணாம் நாள் வூட்டிலிருந்த மாங்காய் அறுக்கிற கத்தியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அப்போது என் நிலைமை என்ன என்று சொல்ல வேண்டும். சித்திரையில் மாங்காய் சீசன் ஆரம்பித்ததும் என்னை ஒரு லாரியில் கிளீனராகச் சேர்த்துவிடுவதாக மாமா சொல்லியிருந்தார். மூணு வருஷம் கெஞ்சி வாங்கிய வாக்கு. மேலே ஒரு கேஸ் விழுந்தால் லாரிப் படியில் கால் வைக்க முடியாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கத்தி இடுப்பில்தான் இருந்தது. அந்த வயதில் புத்தி ஒரு பக்கம் நிற்கும், கால் இன்னொரு பக்கம் போகும்.

அக்கா எங்கள் ரெண்டு பேருக்கும் எட்டு நாள் தினமும் கட்டு மாற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார். ரெண்டு பேருக்கும் ஒரே நேரம், சாயங்காலம் ஆறு மணி, ஒரே பெஞ்சு. அந்த மூணாம் நாள் நான் முதலில் போய்விட்டேன். மாதையன் வந்ததும் வாசலிலேயே வைத்து முடித்துவிடுவது என்று திட்டம். அக்கா என்னை உட்கார வைத்துப் பழைய கட்டை அவிழ்த்தார். சட்டை மேலேறியது. கத்தி அவர் கண்ணில் பட்டுவிட்டது.

சத்தம் போடவில்லை. முகம் மாறவில்லை. "கத்தரிக்கோல் வெந்நீர்ல கெடக்குது, இடுப்புல இருக்கறதக் குடு" என்று கையை நீட்டினார். கொடுத்தேன். என்ன செய்வது, அந்தக் கைக்கு எதைக் கேட்டாலும் கொடுத்துத்தான் பழக்கம். கத்தியால் கட்டுத்துணியை அறுத்துப் பார்த்தார். ஒரு தடவை, ரெண்டு தடவை, துணி மடங்கியதே தவிர அறுபடவில்லை.

"இதையா இடுப்புல வச்சிட்டுச் சுத்தறே?" என்றார். "இதுல வெங்காயம்கூட அறுபடாதே. குத்துனா அவனுக்குக் கூச்சமாத்தான் இருக்கும். வெயாழக்கெழம சாணைக்காரர் வருவாரு, என் கத்தரிக்கோலோட சேத்துக் குடுத்து வைக்கறேன். வந்து வாங்கிக்க."

பாருங்க, கத்தி மொக்கை என்று சொன்னது எனக்கு அவமானமாகிவிட்டது. மொக்கைக் கத்தியோடு போய் நின்றால் ஊரே சிரிக்குமே. சரீங்கக்கா என்றேன். கத்தி மருந்து அலமாரிக்குள் போனது.

மறுநாள் காலை டீக்கடையில் கேட்டார்கள், என்ன, இன்னும் சும்மாவா என்று. "கத்தி சாணைக்குப் போயிருக்குது" என்றேன். கடைக்காரர் மரியாதையாகத் தலையை ஆட்டி, "அதுவும் சரிதான். மொக்கைக் கத்திய வச்சிக்கிட்டு என்ன பண்றது" என்று டீயை ஒரு ஆற்று அதிகமாக ஆற்றிக் கொடுத்தார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. குத்தவும் வேண்டியதில்லை, கோழை என்ற பேரும் இல்லை. அந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டு நான் நாலஞ்சு நாள் நிமிர்ந்து நடந்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் கேட்டேன், "சாணைக்காரர் வந்தாராக்கா?"

"வரலப்பா."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாதையன் கேட்டான், "எதுக்குடா சாணை?"

"ஒரு கத்தி இருக்குது."

"எதுக்குக் கத்தி?"

"உன்னைக் குத்தத்தான்."

"ஓ" என்றான். அக்கா களித் தட்டை ரெண்டு பேருக்கும் நடுவில் வைத்துவிட்டுப் போனார். அவன் குழம்பை என் பக்கம் தள்ளினான்.

அடுத்த நாளும் கேட்டேன், வரலப்பா என்றார். அதற்கு அடுத்த நாள் எனக்கு முன்னால் மாதையனே கேட்டுவிட்டான், "சாணைக்காரர் வந்துட்டாராக்கா?" என்று. வரவில்லை என்றதும் அவனுக்கே வருத்தமாகிவிட்டது. என் பக்கம் திரும்பி, "அதியமான்கோட்டையில ஒருத்தர் இருக்காருடா. எங்க மாமா வூட்டுப் பக்கம்தான். நல்லாப் புடிப்பாரு. வேணும்னா நான் கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்கியாறேன்" என்றான். அவன் முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. நிஜமாகவே உதவி செய்கிறான்.

உள்ளே அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எட்டாம் நாள் தையல் பிரித்தார். அன்றைக்கு நான் கத்தியைப் பற்றிக் கேட்கவில்லை. மறந்துவிட்டது. பக்கத்து ஊரில் புது வலை வாங்கியிருக்கிறார்கள், வந்து ஒரு தடவை அடித்துப் பார் என்று மாதையன் சொன்னதில் என் புத்தி அங்கே போய்விட்டது. டீக்கடையும் மறந்துவிட்டது. அதற்குள் யாரோ யாரோடோ பெங்களூருக்கு ஓடிப்போனதில் அவர்களுக்கு வேறு வேலை வந்திருந்தது. சித்திரையில் நான் லாரி ஏறினேன். மேலே ஒரு கேஸ் இல்லை, ஒரு கீறல் இல்லை.

ரெண்டு வருஷம் கழித்து அக்காவுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. செய்தி கேட்டு லாரியிலிருந்து இறங்கி நேராகப் போனேன். பஸ் நிறுத்தத்தில் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பானை, சுற்றிலும் தையல் வாங்கிய எங்கள் தலைகள் ஒரு நாற்பது. வேடிக்கை பார்க்க இத்தனை பேர் கூடியதற்கு ஊசித் தட்டைக் கொண்டுவருவாரோ என்று ஒருத்தன் சொன்னான், அக்காகூடச் சிரித்தார். என்னைப் பார்த்ததும் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். கட்டுத்துணியில் சுற்றிய பொட்டலம். பிரித்தேன். என் கத்தி. வாய் தகதகவென்று இருந்தது. விரலை வைத்தால் அறுத்துவிடும்.

"சாணைக்காரர் வந்துட்டாராக்கா?" என்றேன்.

"அந்த வெயாழக்கெழமையே வந்துட்டாருடா. ஆறு மணிக்கு நீ கேட்டப்ப இது சாணை புடிச்சு அலமாரியிலதான் இருந்துச்சு. ரெண்டு வருசமா இதுலதான் கட்டுத்துணி அறுத்தேன். எல்லாம் உங்க ஆளுங்க தலைக்குத்தான்."

"அப்ப ஏன் வரலன்னு சொன்னீங்க?"

"நீ எப்ப கேக்கறத நிறுத்தறேன்னு பாத்தேன்" என்றார். பஸ் வந்துவிட்டது. ஏறும்போது திரும்பி, "காலைல என்ன தின்னே?" என்று கேட்டார். ஒன்றும் தின்றிருக்கவில்லை. தின்னேன் என்று பொய் சொன்னேன். அவர் நம்பவில்லை என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது.

யார் தயவிலும் வரவில்லை என்று மேடையில் சொல்வேன் என்றேனே, இப்போதும் சொல்கிறேன். சொல்லிவிட்டு இறங்கும்போது மட்டும் கை தானாகத் தலைக்குப் போய் அந்த ஏழு தையலைத் தடவிப் பார்க்கும்.

இன்னொன்றும் இதோடு சொல்லி முடித்துவிடுகிறேன். அன்றைக்குப் பந்து வெளியேதான் விழுந்தது. நாலு விரற்கடை வெளியே. சுண்ணாம்பு எழவே இல்லை. அடித்த கைக்குத் தெரியாதா? இத்தனை வருஷமாக யாரிடமும் ஒத்துக்கொண்டதில்லை. மாதையன் புஸ்தகம் படிக்கிற ஆள் இல்லை, அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

மாதையன் இப்போது என் மண்டியில்தான் இருக்கிறான், முதல் லாரி வாங்கிய நாளிலிருந்து. வியாபாரிகளுக்கு மாங்காயை அறுத்துக் காட்டுவது அவன் வேலை, அறுப்பது அந்தக் கத்தியால். கைப்பிடி ரெண்டு தடவை மாற்றியாகிவிட்டது. சீசன் நடுவில் ஏதாவது ஒரு நாள் எனக்கும் அவனுக்கும் வாய் தடித்துவிடும். கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்ப்பான். பிறகு விரலால் அதன் வாயைத் தடவிவிட்டு, "மொக்கையாயிடுச்சு, சாணை புடிக்கணும்" என்பான்.

"சாணைக்காரர் இன்னும் வரலப்பா" என்பேன் நான்.